மேகத்தின் வேலையைத் துணி செய்யுமா?

சித்திரை மாத நண்பகலில் செட்டியார்பட்டித் தெருவில் நின்று பாருங்கள். உங்கள் நிழல் காலடியில் கறுப்பாக, ஓரம் தெளிவாக விழும். ஆடி மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் மேகம் வானத்தை மூடியிருக்கும் நாளில் அதே இடத்தில் நில்லுங்கள். வெளிச்சம் இருக்கும், ஆனால் நிழலைத் தேட வேண்டியிருக்கும். நிழல் எங்கே போயிற்று?

சூரியன் நம் பார்வைக்கு ஒரு சிறிய வட்டம். அதன் ஒளி ஒரே திசையிலிருந்து வருவதால், அதை மறைக்கும் பொருளுக்குப் பின்னால் கருநிழல் விழுகிறது. மேகம் அந்த ஒளியைச் சிதறடிக்கிறது. அப்போது வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்காகிவிடுகிறது. ஒரு பக்கத்து ஒளியை நீங்கள் மறைத்தாலும் மற்றப் பக்கங்களிலிருந்து வரும் ஒளி அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது.

இந்தச் சிறிய உண்மை ஒரு திரைப்படத்தையே காப்பாற்றியது. 1956-இல் வெளிவந்த ‘அபராஜிதோ’ என்ற வங்காளப் படத்தில் காசி நகரத்து வீடு ஒன்று வருகிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளைப் போலவே நடுவில் முற்றம். மேலே திறந்த வானம். இந்த வீட்டைக் கல்கத்தாவில் படப்பிடிப்பு நிலையத்துக்குள் அமைக்க இயக்குநர் சத்யஜித் ராயும் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவும் முடிவு செய்தார்கள். இளைஞரான ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா இதை எதிர்த்து வாதாடினார். வானத்து ஒளியை நிலையத்துக்குள் எப்படிக் கொண்டு வருவது? நான்கு விளக்குகளை நடிகர் மேல் நேராகப் பாய்ச்சினால் நான்கு நிழல்கள் விழுமே! உண்மையான முற்றத்தில் அப்படி விழுமா?

வாதாடியவரே வழியும் கண்டார். முற்றத்தின் மேலே கூரை போல வெள்ளைத் துணியை விரித்துக் கட்டச் செய்தார். விளக்குகளைக் கீழிருந்து துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுச் சிதறிய ஒளி, வானத்து ஒளியைப் போலவே மென்மையாக இறங்கியது.

இம்முறைக்கு ஒரு விலை உண்டு. சிதறும்போது ஒளியின் பெரும்பகுதி வீணாகிறது. எனவே காமிராவின் துளையை அகலமாகத் திறக்க நேரும். துளை அகன்றால், தெளிவாகத் தெரியும் தூரத்தின் அளவு குறையும். நடிகர் குறித்த இடத்திலிருந்து சற்று விலகினாலும் முகம் மங்கிவிடும். ஆகவே நடிகரும் காமிராக் குழுவும் ஒத்துழைத்தாக வேண்டும். வண்ணப் படமானால் இன்னொரு கவனமும் தேவை. துணி நீலமாயிருந்தால் முகமும் நீலம் பூசும்!

நீங்களும் சோதித்துப் பாருங்கள். இரவில் அறையை இருட்டாக்கி, மேசையில் ஒரு பென்சிலை நிற்க வையுங்கள். டார்ச் விளக்கை நேராகப் பாய்ச்சினால் கூரிய நிழல் விழும். பிறகு பென்சிலுக்கு அருகே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி, டார்ச்சைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, ஒளியை வேட்டி மீது மட்டும் பாய்ச்சுங்கள். நிழலின் ஓரம் கரைந்து போகும். வேட்டியில் ஒளிபடும் பரப்பைக் கூட்டியும் குறைத்தும், நிழல் எப்படி மாறுகிறது என்று குறித்து வையுங்கள்.

இன்றும் படப்பிடிப்புகளில் வெள்ளைத் துணியையும் தெர்மகோல் பலகையையும் காணலாம். அடுத்த முறை படம் பார்க்கும்போது, நடிகரின் முகத்தோடு அவர் நிழலையும் கவனியுங்கள். ஒளி எங்கிருந்து வந்தது என்பதை அந்த நிழலே சொல்லிவிடும்.