வரவறிந்து செலவு செய்தல்

நுகேகொடைச் சந்தைக்கு மரக்கறி வாங்கச் செல்வோர், மலிவு விற்பனைப் பலகையைக் கண்டு புடைவையுடன் திரும்புவதுண்டு. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதமானபோது சாமான் துண்டு எழுதாத வீடு குறைவு. விலையேற்றத்தின் வேகம் தணிந்ததும் துண்டும் மறைந்தது. கடனட்டைத் தவணைக்காகத் தாலிக்கொடி அடகுக்குப் போன வீடுகளும் உண்டு.

வரவு சிறிதாயினும் செலவு அதனை மிஞ்சாவிடின் கேடில்லை என்பது வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்திற் சொன்ன கணக்கு. துண்டில் இல்லாத பொருளை அன்றே வாங்காது, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் யோசிக்கலாம். பெரும்பாலும் ஆசை அதற்குள் ஆறிவிடும். 5,000 ரூபாப் புடைவையைக் கழிவில் 3,500க்கு வாங்கினால் 1,500 மிச்சமன்று, 3,500 செலவு. தீபாவளிக்கு வெள்ளவத்தை செல்வோர் கைக்காசுடன் போகலாம், கடனட்டை வீட்டிலேயே இருக்கட்டும். பிள்ளைகளும் கூட வருவதாயின் இன்னும் அவசியம்.