வீட்டுக் காவலும் துப்பாக்கியும்

திண்ணையில் நாய், கதவுக்குத் தாழ்ப்பாள், தலைமாட்டில் தடி – இவையே நம் வீடுகளின் பழைய காவல். ஊருக்கு வெளியே தோட்டத்தில் தனித்து நிற்கும் எங்கள் வீட்டில் இவற்றோடு, தாத்தாவின் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கியும் உண்டு. தேசிய மாணவர் படை முகாமில் .22 ரைஃபிளால் சில தோட்டாக்கள் சுட்டுவிட்டு வந்த எனக்கு, ‘இனி எந்தத் திருடன் வந்தாலும் ஒரு கை பார்த்துவிடலாம்’ என்ற செருக்கு. அது அடங்கிய கதையைச் சொல்லுமுன், நான் கற்ற இரண்டு பாடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் கூறுவது

1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் தற்காப்புரிமையை வகுத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள். கொள்ளை, இரவில் கன்னமிடுதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல், உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு வரும் என நியாயமாக அஞ்சத்தக்க திருட்டு ஆகியவற்றில், உடைமையைக் காக்க உயிர்ச்சேதம் விளைவிக்கவும் 41-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

ஆனால், 37-ஆம் பிரிவு அதற்கு வேலி கட்டுகிறது. காவலரை நாட நேரமிருந்தால் அவ்வுரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கிழைக்கவும் கூடாது. வெறுங்கையோடு வேலி தாண்டி ஓடுபவனின் முதுகில் சுடுவது தற்காப்பு ஆகாது.

பயிற்சி கூறுவது

உரிமம் கேட்பவர் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டின் படைக்கல விதிகள். முகாமில் ஹவில்தார் எங்களுக்குச் சுடுவதை முதலில் கற்பிக்கவில்லை. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருது. சுடக்கூடாததை நோக்கிக் குழலைத் திருப்பாதே. குறி உறுதியாகும்வரை விசையில் விரல் வைக்காதே. குறி எது, அதன் பின்னால் இருப்பது எது என்று அறிந்துகொள் – இந்நான்கையே நாள்தோறும் சொல்லச் சொன்னார். சிறிய .22 தோட்டாவே ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லும். குறி தப்பினால் அது யார் வீட்டுச் சுவரைத் துளைக்கும்?

அந்த இரவு

கோடை விடுமுறை. நள்ளிரவு தாண்டியிருக்கும். கொல்லைக் கதவு மெல்ல அசைந்தது. நாயும் குரைக்கவில்லை. துப்பாக்கிப் பெட்டியின் சாவிக்காக எழுந்தேன். தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொறுடா. முதல்ல குரல் கொடு. அப்புறம் விளக்கைப் போடு.”

“யாரது?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“நான்தாண்டா!”

அண்ணன்! கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, லாரியில் வந்து இறங்கி, எங்களை எழுப்ப வேண்டாமே என்று கொல்லைப்புறமாக வந்திருக்கிறார். நாய் குரைக்காததன் காரணமும் அப்போதுதான் விளங்கிற்று. நான்காம் விதியை நாள்தோறும் ஒப்பித்தவன் நான். அதைக் கடைப்பிடித்தவர் முகாமையே பாராத தாத்தா. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

முடிவுரை

நல்ல கதவு, முற்றத்தில் விளக்கு, குரல் கொடுத்தால் ஓடிவரும் அண்டை வீட்டார், காவல் துறையின் 100 என்ற எண் – இவையே முதற் காவல். துப்பாக்கி இவையெல்லாம் கைவிட்ட பிறகு வருவது; அப்போதும் அதைப் பூட்டி வைத்திருப்பவனுக்கே அது காவல். நண்பர்களே, குறி பார்க்கக் கற்பது சில நாள் வேலை. இருட்டில் நிற்பவர் யார் என்று கேட்கக் கற்பதே பயிற்சி.