ஆந்தையின் குரலும் படுக்கையருகே ஒரு நூலும்

இரவில் ஆந்தை அலறினால் அவ்வீட்டில் துயரம் நேரும் என்று பாகூர், வில்லியனூர்ப் பகுதி மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நோயுற்றுப் படுத்திருப்பவரின் செவியில் அக்குரல் விழுந்தால் நெஞ்சு பதைக்கிறது. அருகில் விழித்திருப்பவரும் வெளியே சொல்லாமல் கலங்குகிறார். இத்தகைய அச்சத்தைத் தணிக்கப் பறவைகளையும் நாட்டார் வழக்குகளையும் பற்றிய நூல்கள் துணைசெய்யும்.

வீட்டருகே நாம் கேட்பது பெரும்பாலும் புள்ளி ஆந்தையின் குரல். மரப்பொந்துகளிலும் பழைய சுவர் இடுக்குகளிலும் வாழும் அச்சிறு பறவை பூச்சிகளை மிகுதியாக உண்கிறது. நோயாளி உள்ள வீட்டில் இரவு முழுவதும் விளக்கு எரிகிறது. ஒளியை நாடிப் பூச்சிகள் வருகின்றன. பூச்சிகளை நாடி ஆந்தை வரக்கூடும். ஊர் உறங்கும் வேளையில் நாம் விழித்திருப்பதால் அதன் குரல் நம் செவியில் விழுகிறது. அது வந்தது இரைக்காகவே.

கூகையின் காதுகள் ஒன்று சற்று மேலும் மற்றொன்று சற்றுக் கீழுமாக அமைந்தவை. அதனால் கும்மிருட்டிலும் ஒலியைக் கொண்டே எலியின் இருப்பிடத்தை அது அறிகிறது. நெல் விளையும் பாகூர் வயல்களுக்கு எலி பிடிக்கும் பறவை நண்பனே. சங்கப் புலவர் ஒருவரே கூகைக் கோழியார் என்று பெயர் பெற்றிருக்கிறார்.

இவ்வகை வாசிப்பை விரும்புவோர் மா. கிருஷ்ணனின் (1912–1996) ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் கட்டுரை நூலிலிருந்து தொடங்கலாம். கதைகளை விரும்புவோர்க்குக் கி. ராஜநாராயணன் தொகுத்த ‘நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்’ உண்டு. பள்ளிப் படிப்பை இடையிலேயே விட்ட அவர், புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராகப் பணியாற்றி, 2021இல் புதுச்சேரியிலேயே மறைந்தார். இந்நூல்களில் உள்ளவை தனித்தனிக் கட்டுரைகளும் கதைகளுமாதலால், களைப்புற்ற கண்கள் ஒன்றை முடித்து ஓய்வு கொள்ளலாம்.

துணையிருப்போர் மாலையில் ஒரு பகுதியை உரக்கப் படித்துவிட்டு, “உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வார்கள்?” என்று நோயாளியிடம் கேட்கலாம். நாள் முழுவதும் மாத்திரை, ஊசி பற்றிய பேச்சையே கேட்டவர், அப்போது ஏரிக்கரையையும் பாட்டியின் கதையையும் நமக்குச் சொல்லத் தொடங்குவார்.

ஒன்றை மறத்தலாகாது. நூல்களில் காணும் கைவைத்தியத்தை மருத்துவரைக் கேளாமல் பின்பற்ற வேண்டா. அச்சத்தால் உறக்கம் கெடுமாயின் தயங்காது செவிலியரிடம் கூறுவோம். இன்றிரவு ஆந்தை குரல் கொடுத்தால், விளக்கடியில் பறக்கும் பூச்சிகளை ஒருமுறை பார்ப்போம்.