வயலிற் சிறு மின்பலகை: அழுத்தமறிந்து மின்னூட்டும் முறை



ஊவாவில் நீர் ஆண்டு முழுவதும் ஒரே அளவாகக் கிடைப்பதில்லை. பெரும்போகத்தில் வடகீழ்ப் பருவமழையால் நிறைந்தோடும் ஓடைகள், கச்சான் காற்று வீசும் மாதங்களில் மெலிந்துவிடுகின்றன. உமா ஓயாச் சுரங்கம் அகழப்பட்ட காலத்தில், 2014 ஆம் ஆண்டின் இறுதி முதல், பண்டாரவளைப் பகுதியிற் பல கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. அத்திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. எனினும், நீரை எண்ணிச் செலவிடவேண்டும் என்று அக்காலம் கற்பித்த பாடம் இன்றும் பொருந்துவதே.

இக்காரணத்தால், பாடசாலையிற் கணினி பயின்ற பிள்ளைகள் பலர் வீட்டுத் தோட்டத்திலும் வயலிலும் சிறு மின்பலகைகளைப் பொருத்தி வருகின்றனர். மண்ணின் ஈரத்தை அளந்து, வேண்டிய வேளையில் மட்டும் பம்பியை இயக்குவதே அவற்றின் வேலை. முயற்சி போற்றத்தக்கது. ஆயினும், பழுதாகி எம்மிடம் கொண்டுவரப்படும் பலகைகளிற் பெரும்பாலானவை மின்னூட்டிய முறை பிழைத்தமையாலேயே கெட்டவை. பலகை கெட்டால் சில ஆயிரம் ரூபாய் நட்டம். பூவெடுக்கும் போஞ்சி ஒரு வாரம் நீரின்றிக் கிடந்தால் போகமே நட்டம். ஈரக் கையுடன் 230 வோல்ற்றைத் தொட்டால் உயிரே நட்டம். ஆதலின் இப்பாடத்தை வாசித்து, வீட்டிலுள்ள இளைஞருக்கும் வாசித்துக் காட்டுவீர்களாக.

1. பலகை என்பது யாது?

ஒரு சிறு கணினியை ஒற்றைச் சில்லில் அடக்கிய பொருளே நுண்கட்டுப்படுத்தி. அதனை எளிதிற் கம்பி பூட்டத்தக்க பலகையில் ஏற்றியிருப்பர். ஆர்டுயினோ என்னும் பலகை 2005 ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களின் பயன் கருதி ஆக்கப்பட்டது. இன்று பலரும் வாங்கும் ஊனோ என்னும் வகை 2010 இல் வெளிவந்தது. அது 5 வோல்ற்றில் வேலை செய்வது. 2016 இல் வெளிவந்த ஈ.எஸ்.பி. 32 என்னும் சில்லு 3.3 வோல்ற்றில் வேலை செய்வது. கம்பியில்லாமற் செய்தி அனுப்ப வல்லது. உங்கள் கையிலிருப்பது எவ்வகை என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஒன்றுக்கு உணவாவது மற்றொன்றுக்கு நஞ்சாகலாம்.

2. அழுத்தமும் ஓட்டமும்

படிப்படியாக அமைந்த மலைவயலை எண்ணிப் பாருங்கள். மேல்வாய்க்காலுக்கும் கீழ்வயலுக்கும் உள்ள உயர வேறுபாடே மின்னில் அழுத்தம். அது வோல்ற்றில் அளக்கப்படும். மடைவழியே பாயும் நீரின் அளவே ஓட்டம். அது அம்பியரில் அளக்கப்படும். மேல்வாய்க்காலின் நீரை நாற்றங்காலின் மீது நேரே விழவிடும் கமக்காரர் எவருமிலர்; மடை வைத்து, வேகந் தணித்தே விடுவர். மின்னுக்கும் அத்தகைய மடை வேண்டும்.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். அழுத்தத்தை நாம் தள்ளிவிடுகின்றோம். ஓட்டத்தையோ பலகை தனக்கு வேண்டிய அளவே இழுத்துக்கொள்கின்றது. ஆகவே 5 வோல்ற்று, 2 அம்பியர் என்று குறித்த மின்னூட்டி, 0.1 அம்பியர் மட்டும் வேண்டும் பலகையைக் கெடுக்காது. 12 வோல்ற்றை 5 வோல்ற்று வாயிலிற் பூட்டினாலோ பலகை கணப்பொழுதிற் கெடும்.

3. எவ்வாயிலில் எவ்வளவு?

ஊனோப் பலகையின் யூ.எஸ்.பி. வாயிலுக்கு 5 வோல்ற்றுக் கொடுக்கலாம். வட்டத் துளை வாயிலுக்கும் ‘வின்’ என்று குறித்த முனைக்கும் 7 முதல் 12 வோல்ற்று வரை தகும். அங்கே அழுத்தத்தைக் குறைக்கும் சீராக்கி உண்டு. ‘5 வீ’ என்று குறித்த முனையிலோ சீராக்கி குறுக்கிடாது. அதன் வழியே ஊட்டுவதாயின் அளவாகச் சீராக்கிய 5 வோல்ற்றே செல்லவேண்டும். அச்சில்லு 6 வோல்ற்றுக்கு மேல் ஒருபோதும் தாங்காது.

ஈ.எஸ்.பி. 32 பலகையின் யூ.எஸ்.பி. வாயிலுக்கு 5 வோல்ற்றுக் கொடுக்கலாம். பலகையிலுள்ள சீராக்கி அதனை 3.3 ஆக்கும். ‘3 வீ 3’ என்ற முனைக்கு 3.3 வோல்ற்றுக்கு மேற் கொடுத்தலாகாது. செய்தி அனுப்பும் கணத்தில் இச்சில்லின் ஓட்டம் திடீரென உயரும். ஆதலின் 0.5 அம்பியருக்குக் குறையாது வழங்கவல்ல மின்னூட்டி வேண்டும்.

ஊனோவின் வேலைமுனை ஒவ்வொன்றும் 20 மில்லியம்பியர் அளவே சுமக்கத்தக்கது. சிறு ரிலேயின் சுருள் மாத்திரமே 70 மில்லியம்பியரளவு இழுக்கும். எனவே ரிலேச் சுருளையோ பம்பியையோ வேலைமுனையில் நேரே பூட்டலாகாது. திரான்சிற்றர் பொருத்திய ரிலேத் தட்டையே பயன்படுத்துக.

4. பற்றரியும் சூரியத் தகடும்

‘12 வோல்ற்று’ என்பது பெயரளவே. ஓய்விலுள்ள ஈயவமிலப் பற்றரி நிறைந்திருக்கையில் ஏறத்தாழ 12.7 வோல்ற்றும், மின்னேறும்போது 14.4 வோல்ற்று வரையும் காட்டும். ‘12 வோல்ற்று’ச் சூரியத் தகடோ சுமையின்றி வெயிலில் நிற்கையில் 21 வோல்ற்றுக்கு மேலுங் காட்டக்கூடும். ஆகையால் தகட்டைப் பலகையில் நேரே பூட்டுதல் கூடவே கூடாது. தகட்டுக்கும் பற்றரிக்கும் இடையே மின்னேற்றக் கட்டுப்படுத்தி வேண்டும். அதிற் பற்றரியை முதலிலும் தகட்டைப் பின்னரும் பூட்டுக. கழற்றும்போது தகட்டை முதலிற் கழற்றுக.

பற்றரியிலிருந்து ஊனோவின் வட்டத் துளைக்கு நேரே கொடுத்தால் என்ன? மின்னேறும் வேளையில் 14.4 வோல்ற்று வரும். பலகையிலுள்ள சீராக்கி எஞ்சிய 9.4 வோல்ற்றையும் வெப்பமாக்கித் தள்ளவேண்டும். 0.1 அம்பியர் ஓடினால் வெப்பம் 0.94 வாற்று. நெல்மணியளவு பெரிதான அச்சீராக்கி கைபொறுக்காத சூடேறும், நாளடைவிற் கெடும்.

இதற்கு ஏற்றது, அழுத்தங்குறைக்கும் மாற்றித் தட்டு. மின்சாமான் கடைகளில் ‘பக் கொன்வேட்டர்’ என்று கேட்டால் கிடைக்கும். அது மேலதிக அழுத்தத்தை வெப்பமாக வீணாக்குவது குறைவு. அதனால் வரும் இலாபத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பலகை 50 மில்லியம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். 7 அம்பியர்-மணிப் பற்றரியில் நெடுங்காலம் உழைக்கவேண்டின் பாதியளவே, அதாவது 3.5 அம்பியர்-மணியே, எடுத்தல் நன்று. சாதாரண சீராக்கியில் அது 70 மணித்தியாலம் வரும். நாலிலே மூன்று பங்கு பயன் தரும் மாற்றித் தட்டாயின், பற்றரியிலிருந்து ஏறத்தாழ 28 மில்லியம்பியரே செல்லும். 120 மணித்தியாலத்துக்கு மேல் வரும். மூடுபனியும் மழையுமாய் வெயில் காணாத நாட்களில் இவ்வேறுபாடு பெரிது.

மாற்றித் தட்டின் திருகாணியைத் திருப்பி 5 வோல்ற்றுக்கு அமைத்து, பல்மானியால் அளந்து பார்த்த பின்னரே பலகையைப் பூட்டுதல் வேண்டும். கடையிலிருந்து வரும்போது அது எவ்வளவு அழுத்தத்தில் அமைந்திருக்கும் என்று எவருஞ் சொல்லல் இயலாது.

பற்றரியின் நேர்முனையருகே, ஒரு சாணுக்குள், உருகி ஒன்று இடுக. பலகைக்குச் செல்லும் கம்பிக்கு 2 அம்பியர் போதும். பம்பிக்கு அதன் ஓட்டத்துக்கேற்ற வேறோர் உருகி வேண்டும். பற்றரி சிறிதெனினும், முனைகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் கம்பி பழுக்கக் காய்ந்து கொட்டிலையே எரிக்கவல்லது.

5. அனுபவத்திற் கற்ற ஒரு பாடம்

வெலிமடைப் பக்கத்தில் ஒரு போஞ்சித் தோட்டத்திற் சென்ற சிறுபோகத்தின்போது நானே இத்தகைய பலகையொன்றைப் பொருத்தினேன். மேசையிற் செவ்வையாக வேலை செய்த அது, தோட்டத்திற் பம்பியை இயக்கியதும் நின்றது, மீண்டும் எழுந்தது, மீண்டும் நின்றது. ரிலே ஓயாமல் ‘டக் டக்’ என்று அடித்தது. நிரலிற் பிழையென எண்ணி இரண்டு நாட்களை வீணாக்கினேன். தோட்டத்து முதியவரோ சற்றுநேரம் பார்த்திருந்துவிட்டு, “ஐயா, மோட்டரு ஓடுனா பலகை மயங்குது, பலகை மயங்குனா மோட்டரு நிக்குது” என்றார். அவர் சொன்னதே உண்மை.

பற்றரியிலிருந்து 20 மீற்றர் தூரத்துக்கு மெல்லிய கம்பியொன்றை இழுத்து, பம்பியையும் பலகையையும் அதிலேயே பூட்டியிருந்தேன். போக்கும் வரவுமாக 40 மீற்றர். அதன் தடை ஏறத்தாழ 1.4 ஓம். பம்பி புறப்படும் கணத்தில் 4 அம்பியர் இழுத்தால் கம்பியில் மாத்திரம் 5.6 வோல்ற்று இழக்கப்படும். 12.4 வோல்ற்றிற் பலகைக்கு எஞ்சுவது 6.8 மட்டுமே; 7 வேண்டிய பலகை மயங்காது என்செய்யும்? மேல்மடையை முழுவதுந் திறந்தால் கடைமடை வயலுக்கு நீர் ஏறாததுபோல.

பம்பிக்குத் தடித்த கம்பியைப் பற்றரி முனையிலிருந்து தனியே இழுத்தேன். பலகைக்கு வேறு சோடிக் கம்பி கொடுத்தேன். பம்பியின் முனைகளுக்குக் குறுக்கே 1என்4007 என்னும் இருவாயி ஒன்றையும், அதன் வெள்ளைக் கோடுள்ள பக்கம் நேர்முனையை நோக்க, இட்டேன். நேரோட்டப் பம்பியோ ரிலேச் சுருளோ நிற்கும் கணத்தில் எதிர்த்தடிக்கும் அழுத்தத்தை அது தாங்கிக்கொள்ளும். அதன்பின் பலகை மயங்கவில்லை.

6. 5 வோல்ற்றுக் கருவியும் 3.3 வோல்ற்றுப் பலகையும்

5 வோல்ற்றுச் சமிக்ஞை தரும் உணரியை ஈ.எஸ்.பி. 32 இன் வேலைமுனையில் நேரே பூட்டலாகாது. இரண்டு தடையிகளால் அழுத்தத்தைப் பங்கிடுக. உணரியின் சமிக்ஞைக் கம்பியில் 10 கிலோ ஓம். அங்கிருந்து பொது எதிர்க்கம்பிக்கு 20 கிலோ ஓம். இரண்டும் சேருமிடத்திலிருந்து பலகைக்கு. 5 ஐ 20 ஆற் பெருக்கி 30 ஆல் வகுத்தால் 3.3 வரும். பற்றரியின் அழுத்தத்தை அளக்கவும் இம்முறையே உதவும்: மேலே 47 கிலோ ஓமும் கீழே 10 கிலோ ஓமும் இட்டால், 14.4 வோல்ற்று ஏறத்தாழ 2.5 ஆகக் குறையும்.

மறுபுறம், 3.3 வோல்ற்றுச் சமிக்ஞையை ஊனோ பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அதற்கு 3 வோல்ற்றுப் போதும். எந்நிலையிலும் பலகை, உணரி, ரிலேத் தட்டு ஆகியவற்றின் எதிர்க்கம்பிகள் ஒன்றாக இணைந்திருத்தல் அவசியம். ஒரே மட்டத்திலிருந்து அளக்காவிடின் உயரத்துக்குப் பொருளில்லை.

7. 230 வோல்ற்று: தொடாதீர்

வீட்டு மின்னில் ஓடும் பம்பியைப் பலகையால் இயக்க விரும்புவோர், அவ்வேலையைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும். சிறு ரிலேயில் 10 அம்பியர் என்று அச்சிட்டிருப்பினும், மோட்டர் புறப்படும்போது அதன் வழமையான ஓட்டத்தைப்போற் பன்மடங்கு இழுக்கும். ரிலேயின் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும். பம்பி நில்லாது ஓடும். பலகை சிறு ரிலேயையும், சிறு ரிலே மோட்டருக்கென ஆன பெருந்தொடுகருவியையும் இயக்குமாறு அமைத்தலே முறை. 30 மில்லியம்பியர்க் கசிவில் விழும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். 230 வோல்ற்றுக் கம்பியும் பலகையும் ஒரே பெட்டியில் இருத்தலாகாது.

காட்டுப்பன்றிக்கென வீட்டு மின்னை வேலிக்கம்பியிற் பாய்ச்சுவோர் சிலர் இன்றும் உளர். அது சட்டவிரோதம், வரப்பில் நடந்துவரும் அயலவரையும் சொந்தப் பிள்ளையையுங் கொல்லவல்லது. அவ்வழியை எக்காரணங்கொண்டும் நாடற்க.

8. ஈரமும் மின்னலும்

பலகையை மூடியுள்ள பெட்டியில், தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் வைக்குக. கம்பிகள் பெட்டியின் அடிப்புறத்தால் நுழையட்டும். மேலால் நுழைந்தால் மழைநீர் கம்பி வழியே உட்செல்லும். இரு கம்பி மண்ணில் ஊன்றும் ஈரவுணரிக்கு இடைவிடாது மின் கொடுத்தால் அது அரித்துப்போகும்; அளக்கும் வேளையில் மட்டும் மின் கொடுக்குக. பருவமழைகளுக்கு இடைப்பட்ட மார்ச்சு-ஏப்ரல், ஒக்டோபர்-நவம்பர் மாதங்களிற் பிற்பகல் இடிமின்னல் மிகுதி. வானம் இருளுமுன்னரே நீண்ட கம்பிகளைக் கழற்றிவைத்தல் உத்தமம். இடி முழங்கத் தொடங்கியபின் வயலுக்கு ஓடற்க.

9. பூட்டும் ஒழுங்கு

அ. பற்றரியைக் கழற்றியபின்னரே கம்பி பூட்டுக.
ஆ. நேர், எதிர் முனைகளை இருமுறை பார்க்குக; சிவப்பு நேருக்கும் கறுப்பு எதிருக்கும் ஆகுக.
இ. பலகையைப் பூட்டுமுன் பல்மானியால் அழுத்தத்தை அளக்குக.
ஈ. முதலிற் பலகையை மட்டும் இயக்குக, பின் உணரி, கடைசியாகப் பம்பி.
உ. ஐந்து நிமிடம் சென்றபின் சீராக்கியின் அருகே புறங்கையை நீட்டிப் பார்க்குக. அனல் மிகுந்தால் நிறுத்துக.
ஊ. பலகை கெட்டாலும் பயிர் வாடாதிருக்க, கையால் இயக்கும் ஆளி ஒன்றை எப்பொழுதும் வைத்திருக்குக.

பலகை எவ்வளவு சாதுரியமானதாயினும், மண்ணைக் கையிலெடுத்துப் பிசைந்து ஈரமறியும் கமக்காரருக்கு அது துணையே. நாள்தோறும் ஒருமுறை வயலைச் சுற்றிவரும் வழக்கத்தை விடாதீர்கள். ஐயம் எழுமாயின், மின்னைப் பூட்டுமுன்னரே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேளுங்கள்.