பெட்ரோல் மூடிக்குள் இருக்கும் எண்

ஒரகடம்

அன்புள்ள மகளுக்கு,

புது வண்டி வீட்டுக்கு வந்ததை அண்ணி போனில் சொன்னார்கள். நீ அனுப்பிய கேள்விக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம். டர்போ வண்டிக்குச் சாதா பெட்ரோல் போதுமா, பிரீமியம்தான் போட வேண்டுமா என்று கேட்டிருந்தாய். விலை கூடினது நல்லதாகத்தான் இருக்கும் என்கிறார் உன் அப்பா. பிரீமியம் ரகமான ‘பவர்’ போட்டால் பிக்கப் ஏறும் என்கிறான் பங்க் பையன். எல்லாம் வீண் செலவு என்கிறார் யூடியூபில் ஒருவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூவரில் ஒருவரும் உன் வண்டியின் பெட்ரோல் மூடியைத் திறந்து பார்க்கவில்லை.

நீ பார். மூடியின் உட்புறத்திலோ, வண்டியோடு வந்த கையேட்டில் எரிபொருள் பக்கத்திலோ ஓர் எண் இருக்கும்: 91 அல்லது 95. அதற்கு முன்னால் வரும் சொல்லையும் சேர்த்துப் படி. ‘குறைந்தது 95’ என்று இருந்தால் அது கட்டளை. ‘95 சிறந்தது, 91 போடலாம்’ என்று இருந்தால் அது யோசனை. இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டாலே பாதிக் கேள்வி தீர்ந்துவிடும்.

அந்த எண்ணுக்குப் பெயர் ஆக்டேன். பலரும் அதைப் பெட்ரோலின் சக்தி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது பெட்ரோலின் பொறுமைக்கு அளவு. சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது, ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது, நெருப்பு பிளக்கிலிருந்து ஓரம்வரை வரிசையாகப் பரவ வேண்டும். அழுத்தமும் சூடும் மிஞ்சினால், நெருப்பு வந்து சேரும் முன்பே ஓரத்தில் இருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அப்போது எழும் கிணுகிணு சத்தத்தைத்தான் மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்கிறார்கள். எப்போதாவது வந்தால் பெரிய கேடில்லை. விடாமல் வந்தால் பிஸ்டனையே தின்றுவிடும். முந்திக்கொண்டு பற்றாமல் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதையே ஆக்டேன் எண் சொல்கிறது.

1926இல் அமெரிக்காவின் எத்தில் நிறுவனத்தில் வேலை பார்த்த கிரஹாம் எட்கர் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். எளிதில் பற்றாத ஐசோ ஆக்டேனுக்கு 100, சட்டென்று பற்றும் ஹெப்டேனுக்கு 0. ஒரு பெட்ரோல், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை அளவுக்கு நாக்கிங்கைத் தாங்கினால் அதற்கு 91. நம் ஊரில் சொல்லப்படுவது சோதனை இன்ஜினை நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓட்டி எடுக்கும் ஆர்ஓஎன் எண். அமெரிக்காவில் அதையும் 900 சுற்றில் எடுக்கும் கடுமையான சோதனையின் எண்ணையும் கூட்டிச் சராசரி எழுதுவார்கள். அங்கே 87 என்றால் இங்கே ஏறக்குறைய 91. அமெரிக்க வீடியோவில் 93 போடச் சொன்னால், நம் கணக்கில் அது 97, 98. இது தெரியாமல் அந்த வீடியோக்களைப் பார்த்து ஊர் பங்க்கில் போய் நின்றால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, டர்போவுக்கு மட்டும் ஏன் இந்தக் கவலை? வெளியே போகும் புகையின் வேகத்தைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். சின்ன இன்ஜினிலிருந்து பெரிய இன்ஜினின் வேலையை வாங்கலாம் என்பது இதன் லாபம். ஆனால் அமுக்கிய காற்று சூடாகும். இன்டர்கூலர் வைத்து ஆற்றினாலும், சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் சாதாரண இன்ஜினைவிடக் கூடுதல்தான். நாக்கிங் வாசற்படியில் வந்து நிற்கும்.

முதல் டர்போ கார்களிலேயே இந்தச் சிக்கல் இருந்தது. 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரில் காய்ச்சி வடித்த தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி வைக்க வேண்டும். அழுத்தம் ஏறும்போது அது இன்ஜினுக்குள் பீய்ச்சப்பட்டுக் குளிர்விக்கும். வாங்கியவர்கள் பலர் அதை நிரப்ப மறந்தார்கள். கடைசியில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் சாப் நிறுவனம் வேறு வழி கண்டது. நாக்கிங் தொடங்குவதைக் கேட்கும் சென்சர் ஒன்றை இன்ஜினில் பதித்தார்கள். சத்தம் கேட்டதும் டர்போவின் அழுத்தத்தை அது தானே குறைத்துவிடும். எந்தப் பெட்ரோல் போட்டாலும் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும்.

இன்றைய பெட்ரோல் டர்போக்கள் எல்லாவற்றிலும் இந்தக் காது உண்டு. நம் பக்கத்திலேயே செய்த வண்டிகளை எடுத்துக்கொள்: 2013இல் மறைமலைநகரிலிருந்து வந்த ஈகோஸ்போர்ட்டின் ஒரு லிட்டர் டர்போ, 2019இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த வென்யூ, 2020 டிசம்பரில் இதே ஒரகடத்திலிருந்து வந்த மேக்னைட். குறைந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இந்த வண்டிகளின் கணினி பொறி வைக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அழுத்தத்தையும் கொஞ்சம் குறைக்கும். இன்ஜின் தப்பிவிடும். இழுவையிலும் மைலேஜிலும் சிறிது குறையும். பங்க் பையன் சொன்ன ‘பிக்கப்’ இதுதான். 95 கேட்கும் வண்டிக்கு 91 போட்டுவிட்டுப் பிறகு 95க்கு மாறினால், விட்டுப்போன பிக்கப் திரும்ப வரும். 91 போதும் என்று வடிவமைத்த வண்டிக்கு 95 ஊற்றினால் புதிதாக ஒன்றும் முளைக்காது.

இனி நம் பங்க்குக்கு வருவோம். பிஎஸ்-2 காலத்தில் சாதா பெட்ரோலின் ஆக்டேன் 88. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் வந்த பிஎஸ்-6 தரத்தில் குறைந்தது 91. ஒரு காலத்தில் இந்தப் பொறுமையை ஏற்ற ஈயம் கலந்தார்கள். 2000 பிப்ரவரியோடு அது இந்தியாவில் நின்றது. இப்போது அந்த வேலையை எத்தனாலும் செய்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இன்று சாதா பெட்ரோல் என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் சுமார் 108.5, வெறும் பெட்ரோலின் ஆக்டேன் 84.4, ஈ20இல் அது ஏறக்குறைய 95ஐத் தொடுகிறது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. அதாவது, சில வருஷங்களுக்கு முன் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய எண்ணை இப்போது சாதாவே கிட்டத்தட்ட எட்டிவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதே அளவு பெட்ரோலில் உள்ளதைவிட எத்தனாலில் எரிசக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென்று செய்து, ஈ10க்குச் சரிசெய்த கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. பிரீமியம் போட்டால் இதிலிருந்து தப்பலாம் என்று எண்ணாதே. பிரீமியம் ரகங்களிலும் பெரும்பாலும் எத்தனால் கலந்தே வருகிறது. உன் வண்டி ஈ20க்கு ஏற்றதா என்பதையும் அதே மூடியிலும் கையேட்டிலும் பார்த்துக்கொள்.

பிரீமியம் என்ற பெயருக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, கூடுதல் ஆக்டேன். மற்றொன்று, அழுக்கை நீக்கும் சேர்மானம். சில ரகங்களில் இரண்டும் உண்டு, சிலவற்றில் சேர்மானம் மட்டும்தான். விற்பனைக் கமிட்டிக்கு வரும் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, விலை வைப்பவர் சாக்கைப் பார்ப்பதில்லை, காயை உடைத்துப் பருப்பைப் பார்க்கிறார். நீயும் பெயரை விட்டுவிட்டு எண்ணைக் கேள். சேர்மானம் இன்ஜெக்டரின் வாயைச் சுத்தமாக வைக்க உதவும். ஆனால் சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜினாக இருந்தால், பெட்ரோல் இன்டேக் வால்வின் மேல் படுவதே இல்லை. அங்கே படியும் கரியை எந்தப் பிரீமியமும் கழுவாது.

அப்பா சொல்வதைப் பழைய நம்பிக்கை என்று தள்ளிவிடாதே. அவர் வண்டி ஓட்டப் பழகிய காலத்தில் மண்ணெண்ணெய்க் கலப்படம் பெரிய தலைவலி. மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் இறங்கும், பைக் இன்ஜின் அடித்துக்கொள்ளும். 2000களின் தொடக்கத்தில் எண்ணெய் நிறுவனங்கள் பெயர் வைத்துப் பிரீமியம் விற்கத் தொடங்கியபோது, கலப்படம் இல்லாத பெட்ரோல் என்ற நம்பிக்கையில் வாங்கியவர்கள் பலர். இன்று அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க விலையை நம்ப வேண்டாம், சோதனை இருக்கிறது. பங்க்கில் வடிகட்டித் தாள் கேட்டு வாங்கி, ஒரு சொட்டு பெட்ரோல் விட்டுப் பார். நல்ல பெட்ரோல் கறை வைக்காமல் ஆவியாகிவிடும். அன்றைய அடர்த்தியைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், அளந்து காட்டச் சொல்லலாம். அளவில் சந்தேகம் வந்தால் முத்திரை வைத்த 5 லிட்டர் குவளையில் பிடித்துக் காட்டச் சொல். இவை எல்லாம் வாடிக்கையாளரின் உரிமை.

இப்போது காசுக் கணக்கு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறாய், லிட்டருக்கு 15 கிடைக்கிறது, பிரீமியத்துக்கு லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள். மாதத்துக்கு 67 லிட்டர், கூடுதல் செலவு சுமார் 535 ரூபாய். வருஷத்துக்கு 6,400 ரூபாய். பெட்ரோல் விலை நூறு ரூபாயை ஒட்டி இருக்கும்போது 8 ரூபாயை மைலேஜிலேயே திருப்பி எடுக்க வேண்டுமானால், 15 என்பது 16.2 ஆக வேண்டும். 91 போதும் என்று சொல்லும் வண்டியில் அது நடக்காது. நம்பாவிட்டால் நீயே பார்த்துவிடு. ஒரே பங்க்கில் டேங்க்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பும்போது ஊற்றிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்துவிடு. ஒவ்வொரு ரகத்துக்கும் சில டேங்க் பார். டிஸ்ப்ளேயில் காட்டும் மைலேஜை மட்டும் நம்பாதே.

பிரீமியம் பயன்படும் நேரங்களும் உண்டு. மூடியில் ‘குறைந்தது 95’ என்று இருந்தால் அதை மீறாதே. பங்க்கில் 95 என்று எழுதி விற்கும் ரகத்தையே போடு. ‘95 சிறந்தது’ என்று மட்டும் இருந்தால் நாளைப் பொறுத்து முடிவு செய். அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் போய்வரும் சமதளப் பாதைக்குச் சாதா போதும். அக்னி நட்சத்திர வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு, ஐந்து பேரும் மூட்டையுமாக ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போகும் நாளில் 95 போட்டால் அதன் வேலை தெரியும். அமாவாசை இரவில் மேல்மலையனூர்க் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது இன்ஜின் சூடாகும். ஆனால் அங்கே அழுத்தம் ஏறுவதில்லை என்பதால் பிரீமியத்துக்கு வேலையில்லை.

பிரீமியத்தாலும் தீராத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உயர்ந்த கியரில், 1,500 சுற்றில், ஆக்சிலரேட்டரை அடியோடு மிதிக்கும் பழக்கம் டர்போவுக்கு ஆகாது. அப்போது பொறிக்கு முன்பே தீப்பிடிக்கும் வேறொரு கோளாறு வரும், அதில் இன்ஜின் ஆயிலுக்கும் பங்கு உண்டு. அதையும் கருதியே 2020இல் ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரம் வந்தது. கியரை ஒன்று இறக்கி மிதி. கையேடு சொல்லும் தர ஆயிலை, சொல்லும் கிலோமீட்டரில் மாற்று. உன் மூடியில் 91 என்று இருந்தால், பிரீமியத்துக்குப் போகவிருந்த அந்த 6,400 ரூபாயை ஆயிலுக்கு ஒதுக்கு. இதை அப்பாவிடமும் கணக்கோடு சொல். விலையைப் பார்த்துப் பேசுகிறவர் கணக்கைப் பார்த்தால் ஒப்புக்கொள்வார்.

அன்புடன்,
உன் சித்தப்பா