பகுதித் தொகையிடலும் ஓர் ஆத்தங்குடிக் கல்லும்



ஒருநாள் மாலை, பள்ளி விட்ட பிறகும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி என் மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். "டீச்சர், இந்தக் கணக்கை இரண்டு பக்கம் போட்டேன். கடைசியில் பூஜ்யம் சமம் பூஜ்யம் என்று வருகிறது. எனக்குக் கணக்கு வராது. வேறு பிரிவுக்கு மாறிக்கொள்கிறேன்" என்றாள். கண்கள் கலங்கியிருந்தன. இ அடுக்கு எக்ஸ், பெருக்கல் சைன் எக்ஸ். இதன் தொகையீடுதான் அந்தக் கணக்கு. அவள் எங்கே வழி தவறினாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சூத்திரம் பிறந்த இடத்தைப் பார்ப்போம்.

யு, வி என்னும் இரு சார்புகளின் பெருக்கத்தை வகையிடும் விதி உங்களுக்குத் தெரியும். அந்த விதியை இருபுறமும் தொகையிட்டு, ஓர் உறுப்பை இடம் மாற்றினால் கிடைப்பதே பகுதித் தொகையிடல்:

யு டிவி-யின் தொகையீடு = யு வி − வி டியு-வின் தொகையீடு.

புரூக் டெய்லர் என்ற ஆங்கிலேயர் 1715-இல் வெளியிட்டது இது. மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். படமாகப் பார்த்தால் மறக்காது.

நம் கல்லல், காரைக்குடி வட்டார வீடுகளில் தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலைக்கு வளைந்தேறும் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சிவப்பு, மேலே மஞ்சள். அடிப்பக்கம் வி, உயரம் யு. முழுக் கல்லின் பரப்பு யு வி. சிவப்பு, யு டிவி-யின் தொகையீடு. மஞ்சள், வி டியு-வின் தொகையீடு. சிவப்பை அளக்க முடியவில்லையா? மஞ்சளை அளந்து, முழுக் கல்லிலிருந்து கழியுங்கள்.

ஆகவே இம்முறை கணக்கை முடித்துத் தருவதில்லை. ஒரு தொகையீட்டை வாங்கிக்கொண்டு வேறொன்றைத் தருகிறது. தருவது எளிதாக இருந்தால்தான் நமக்கு லாபம். எக்ஸ் காஸ் எக்ஸ் என்பதில் எக்ஸை யு என்று கொண்டால், அதன் வகைக்கெழு வெறும் 1. மீதி சைன் எக்ஸின் தொகையீடுதான். விடை: எக்ஸ் சைன் எக்ஸ் + காஸ் எக்ஸ் + சி. மாறாகக் காஸ் எக்ஸை யு என்று கொண்டாலோ, எக்ஸ் வர்க்கம் வந்து நிற்கும். கணக்கு முன்னிலும் மோசமாகும். யு-வைத் தேர்ந்தெடுக்க, நேர்மாறு, மடக்கை, இயற்கணிதம், முக்கோணவியல், அடுக்குக்குறி என்று ஒரு வரிசை சொல்லித்தருகிறோம். நல்ல வரிசைதான். ஆனால் வரிசையை மட்டும் நம்பி, அடுத்து என்ன வரும் என்று பாராமல் இறங்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

மடக்கை எக்ஸைத் தொகையிடச் சொன்னால் "ஒரே சார்புதானே இருக்கிறது!" என்று விழிக்கிறீர்கள். அதன் பக்கத்தில் 1 மறைந்திருக்கிறது. 1 டிஎக்ஸ் என்பதை டிவி ஆக்குங்கள். விடை: எக்ஸ் மடக்கை எக்ஸ் − எக்ஸ் + சி.

சில கணக்குகளில் இதைப் பலமுறை செய்ய வேண்டும். எக்ஸ் கனம், பெருக்கல் இ அடுக்கு மைனஸ் எக்ஸ் என்பதைப் பூஜ்யத்திலிருந்து முடிவிலி வரை தொகையிடுங்கள். ஒவ்வொரு தடவையும் எக்ஸின் அடுக்கு ஒன்று குறையும். வெளியே 3, பிறகு 2, பிறகு 1 வந்து சேரும். விடை 6. பன்னிரண்டாம் வகுப்பில் வரும் காமா தொகையீடு இதுவே. கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜனுக்கு 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. அதற்காக அவர் எழுதிக்கொடுத்த மூன்று காலாண்டு அறிக்கைகள் வரையறுத்த தொகையீடுகளைப் பற்றியவை. அங்கே அவர் கையாண்ட முக்கியத் தேற்றத்துக்கு அடிப்படையாக நிற்பதும் இந்தக் காமா தொகையீடுதான்.

இனி அந்த மாணவியின் கணக்கு. முதல் படியில் சைன் எக்ஸை யு என்று கொண்டாள், சரி. இ அடுக்கு எக்ஸ் சைன் எக்ஸ், அதிலிருந்து இ அடுக்கு எக்ஸ் காஸ் எக்ஸின் தொகையீட்டைக் கழிக்க வேண்டும் என்று வந்தது. இரண்டாம் படியில் இ அடுக்கு எக்ஸை யு ஆக்கிவிட்டாள். சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போனவள், அதே கல்லில் மஞ்சளிலிருந்து சிவப்புக்குத் திரும்பிவிட்டாள். பூஜ்யம் வராமல் வேறென்ன வரும்? இரண்டாம் படியிலும் முக்கோணவியல் சார்பையே யு என்று கொண்டிருந்தால், தொடங்கிய தொகையீடே மைனஸ் குறியோடு வலப்புறம் வரும். அதை இடப்புறம் கொண்டுபோனால் இருமடங்கு; இரண்டால் வகுத்தால் விடை: இ அடுக்கு எக்ஸ், பெருக்கல் (சைன் எக்ஸ் − காஸ் எக்ஸ்), இதில் பாதி.

இதைச் சொன்னதும் நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, நின்றபடியே ஆறு வரியில் போட்டு முடித்தாள். பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் மாறிலி சி-யை எழுத மறந்துவிட்டாள். பிரிவு மாறுவதைப் பற்றி அதன்பின் என்னிடம் பேசவில்லை.