ஐந்தாவது பொத்தானுக்குக் கீழே

கேள்வி: பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வரும் கோடையில் பாஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். ஒரு டாலர் நோட்டில் உள்ள வாஷிங்டன் படத்தின் மூல ஓவியம் பாதியில் விடப்பட்டது என்று படித்தேன். உண்மையா? அப்பேர்ப்பட்ட மனிதரின் படத்தை ஓவியர் ஏன் முடிக்காமல் விட்டார்? அந்தப் படத்தால் அவர் நன்றாக வாழ்ந்தாரா? அங்கே போனால் அவருடைய எந்தப் படங்களைப் பார்க்கலாம்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் படித்தது சரி. ஓவியர் கில்பர்ட் ஸ்டூவர்ட். வரைந்த ஆண்டு 1796. நாலடி உயரம், மூன்றடி அகலமுள்ள கித்தானில் வாஷிங்டனின் முகமும் பவுடர் பூசிய முடியும் மட்டும் முடிந்திருக்கின்றன. தலையைச் சுற்றிக் கொஞ்சம் பழுப்பு வண்ணம். மற்ற இடமெல்லாம் வெறுமையாகக் கிடக்கிறது. நோட்டில் தெரியும் கோட்டு இந்த ஓவியத்தில் கிடையாது. நோட்டுக்காக உலோகத்தில் செதுக்கியபோது முகம் இடவலமாகவும் மாறிவிட்டது.

முடிக்காததற்கு ஒரு காரணம் பணம், இன்னொன்று சுபாவம். சுபாவத்திலிருந்து தொடங்குவோம்.

ஸ்டூவர்ட் 1755-ல் ரோட் ஐலண்டில் பிறந்தார். அப்பா ஸ்காட்லாந்திலிருந்து வந்து மூக்குப்பொடி ஆலை வைத்தவர். ஆலையும் வீடும் ஒரே கட்டிடம். ஆலைத் தொழில் நிலைக்கவில்லை, குடும்பம் நியூபோர்ட் ஊருக்குப் பெயர்ந்தது. மகனுக்கு மூக்குப்பொடிப் பழக்கம் மட்டும் சாகும்வரை நிலைத்தது. நியூபோர்ட்டுக்கு வந்த காஸ்மோ அலெக்சாண்டர் என்ற ஸ்காட்லாந்து ஓவியர் பையனின் கைத்திறனைப் பார்த்துச் சீடனாகச் சேர்த்துக்கொண்டு, தன் நாட்டுக்கும் அழைத்துப் போனார். 1772-ல் குரு எடின்பரோவில் திடீரென்று இறந்துவிட, பதினேழு வயதுகூட நிரம்பாத பையன் அந்நிய மண்ணில் தனியாக நின்றான். எப்படியோ ஊர் வந்து சேர்ந்தான்.

1775-ல், விடுதலைப் போர் மூண்ட நேரத்தில், மறுபடி கப்பலேறி லண்டன் போனார். ஓவியத்தில் வருமானம் இல்லை. ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்து வயிற்றைக் கழுவினார். கடைசியில் பெஞ்சமின் வெஸ்டிடம் போய்ச் சேர்ந்தார். வெஸ்டும் அமெரிக்காவில் பிறந்தவர்தான். ஆனால் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஆதரவு பெற்ற ஓவியர். அந்த மன்னரை எதிர்த்து அமெரிக்கா போரிட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் இந்த அமெரிக்க இளைஞர் அவருடைய ஓவியரின் கூடத்தில் தொழில் பழகினார்.

அந்த நாளில் லண்டனில் ஒரு கேலிப் பேச்சு உலவியது. ஸ்டூவர்ட்டுக்கு முகம் வரையத் தெரியும், ஐந்தாவது பொத்தானுக்குக் கீழே போகத் தெரியாது என்று. இந்தப் பேச்சை 1782-ல் ஒரே படத்தால் அடக்கினார். வில்லியம் கிராண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் படம் வரைந்துகொள்ள வந்தார். அன்றைக்குக் கடுங்குளிர். உட்கார்ந்து படம் வரைந்துகொள்வதைவிடப் பனியில் சறுக்கத்தான் லாயக்கான நாள் என்று அவர் சொல்ல, இருவரும் ஹைட் பார்க் ஏரிக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து ஸ்டூவர்ட் வரைந்தது, கறுப்பு உடையில் மார்பில் கைகட்டி, ஒற்றைக் காலில் எடையை வைத்துப் பனிமேல் வழுக்கிப் போகும் முழு உருவம். ராயல் அகாடமி கண்காட்சியில் ஊரே அதைப் பேசியது. நூறு ஆண்டு கழித்து ஓவியர் பெயர் மறந்துபோன நிலையில் அதே படம் மறுபடி காட்சிக்கு வந்தபோது, புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் கெயின்ஸ்பரோ வரைந்தது என்றே நினைத்தார்கள். அந்த அளவு கை.

ஆக, அவருக்குத் தெரியாமல் இல்லை. பிடிக்கவில்லை, அதுதான் விஷயம். முகம் முடிந்துவிட்டால் அவருக்குப் படமே முடிந்த மாதிரி. சட்டை மடிப்பு, நாற்காலிக் கால், திரைச்சீலையெல்லாம் கூலி வேலையாகத் தோன்றின. முன்பணம் வாங்கிக்கொண்டு முகத்தோடு நிறுத்திய படங்கள் ஸ்டூடியோவில் சேர்ந்துகொண்டே போயின. வரவுக்கு மேல் செலவு வேறு. கடன்காரர்களுக்குப் பயந்து 1787-ல் லண்டனிலிருந்து டப்ளின் போனார். அங்கேயும் புகழ், அங்கேயும் கடன். 1793-ல் நியூயார்க் வந்து இறங்கியபோது மனதில் ஒரு கணக்கு இருந்தது. வாஷிங்டனை வரைந்துவிட்டால் போதும், அந்த ஒரு முகமே கடனை எல்லாம் அடைத்துவிடும். புகைப்படம் இல்லாத காலம், புது நாடு, வீட்டுக்கு வீடு அந்த முகத்தை மாட்டிவைக்க ஆசைப்படும் மக்கள். கணக்கு தப்பில்லை. தலைமை நீதிபதியாக இருந்த ஜான் ஜே அறிமுகக் கடிதம் கொடுத்தார். ஸ்டூவர்ட் அன்றைய தலைநகரான பிலடெல்பியாவுக்குப் போனார்.

உட்காருபவரைப் பேசவைப்பதுதான் அவருடைய தொழில் ரகசியம். முன்கூட்டிக் கோட்டுச் சித்திரம் போடமாட்டார், நேராக வண்ணத்தைத் தொட்டுவிடுவார். படைவீரரிடம் போர், வியாபாரியிடம் சரக்கு என்று எதிராளிக்குப் பிடித்ததைப் பேசி, முகம் தன்னை மறக்கும் நேரத்தில் பிடித்துக்கொள்வார். வாஷிங்டனிடம் இந்த வித்தை சுலபத்தில் பலிக்கவில்லை. ஓவியர் முன்னால் உட்காருவதே அவருக்கு வேண்டா வெறுப்பு. குதிரையைப் பற்றிப் பேச்செடுத்தபோதுதான் முகம் கொஞ்சம் மலர்ந்தது என்பார்கள். பல் தொல்லை வேறு. சொந்தப் பற்கள் போய், செயற்கைப் பற்கள் கட்டியிருந்தார். மரப்பல் என்பது கட்டுக்கதை, நீர்யானைத் தந்தமும் மனிதப் பற்களும் உலோகமும் சேர்த்துச் செய்தவை அவை. டாலர் நோட்டில் வாய் இறுக மூடி, தாடை உப்பித் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

1795-ல் வரைந்த முதல் படத்துக்கே 32 பேர் 39 பிரதிகள் கேட்டுப் பெயர் கொடுத்தார்கள். மறு ஆண்டு வாஷிங்டனின் மனைவி மார்த்தா, கணவருக்கும் தனக்குமாக ஒரு ஜோடிப் படம் கேட்டார். அதுதான் நீங்கள் கேட்கும் படம். முகம் முடிந்ததும் ஸ்டூவர்ட்டுக்குப் புரிந்துவிட்டது, இதைவிட நல்ல வாஷிங்டன் இனிக் கிடைக்காது என்று. முடித்தால் கொடுத்தாக வேண்டும். முடியாத வரை அது தன்னிடமே இருக்கும். கறக்கிற பசுவை யாராவது ஓட்டிவிடுவார்களா? மார்த்தாவின் படத்தையும் சேர்த்து அப்படியே வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பார்த்து அறுபது, எழுபது பிரதிகள் வரைந்தார். ஒன்று நூறு டாலர். அவற்றுக்கு அவரே வைத்த செல்லப்பெயர் நூறு டாலர் நோட்டு. அசல் ஒரு டாலர் நோட்டில் அந்த முகம் ஏறியது அவர் இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1869-ல்.

அவருக்கே போலிகளும் முளைத்தன. ஒரு கப்பல் தலைவர் ஸ்டூவர்ட்டின் வாஷிங்டன் படம் ஒன்றை வாங்கி, சீனாவின் கான்டன் துறைமுகத்துக்குக் கொண்டுபோய், அங்குள்ள கைவினைஞர்களிடம் கொடுத்துக் கண்ணாடியில் நூறு பிரதிகள் தீட்டவைத்து, பிலடெல்பியாவில் விற்கத் தொடங்கினார். 1802-ல் ஸ்டூவர்ட் நீதிமன்றம் போய் விற்பனைக்குத் தடை வாங்கினார். மார்த்தாவுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவர், தன் உரிமை என்று வந்ததும் வழக்காடினார் என்று சிரிக்கலாம். ஆனால் ஓவியர் தன் படத்தின் நகல்மீது உரிமை கோருவது அந்த நாட்டில் அப்போது புதிய விஷயம்.

நன்றாக வாழ்ந்தாரா என்று கேட்டீர்கள். புகழோடு வாழ்ந்தார். 1805-ல் பாஸ்டனில் குடியேறினார். முதல் ஆறு ஜனாதிபதிகளும் அவர் தூரிகையில் வந்தார்கள். வாழ்நாளில் ஆயிரம் உருவப்படங்கள் வரைந்திருப்பார். கடைசிக் காலத்தில் கை நடுங்கும், தூரிகை முகத்தருகே வந்ததும் குறி தப்பாமல் இறங்கும். பணம் மட்டும் கையில் தங்கவே இல்லை. 1828-ல் குடும்பத்தைக் கடனில் விட்டுவிட்டுப் போனார். பாஸ்டன் காமன் பூங்காவை ஒட்டிய இடுகாட்டில் பெயர்க்கல்கூட இல்லாமல் புதைத்தார்கள். சில ஆண்டு கழித்து உடலை நியூபோர்ட்டுக்குக் கொண்டுபோக நினைத்தபோது, எந்த இடம் என்று வீட்டாருக்கே தெரியவில்லை.

குடும்பத்தைத் தாங்கியது கடைசி மகள் ஜேன். அப்பாவுக்கு வண்ணம் அரைத்துக் கொடுத்தவர், படங்களின் பின்னணியை நிரப்பிக் கொடுத்தவர். அப்பா முறையாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்தே கற்றுக்கொண்டு, அதே வாஷிங்டன் முகத்தைப் பிரதி எடுத்து விற்று, அம்மாவையும் அக்காக்களையும் காப்பாற்றினார். ஓவிய ஆசிரியையான நீங்கள் இந்தப் பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்களுக்கு வருவோம். வாஷிங்டன், மார்த்தா ஜோடிப் படங்களை 1831-ல் பாஸ்டன் அத்தினியம் என்ற நூலகம் வாங்கியது. அதனால்தான் அத்தினியம் படம் என்ற பெயர். 1980 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகமும் தலைநகர் வாஷிங்டனில் உள்ள தேசிய உருவப்படக் காட்சியகமும் பொதுவில் வைத்திருக்கின்றன. நீங்கள் போகும் நேரம் எந்த ஊரில் இருக்கிறது என்று மகளை முன்னதாகக் கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

தலைநகருக்கும் போக முடிந்தால் அந்த உருவப்படக் காட்சியகத்தில் லான்ஸ்டவுன் படம் இருக்கிறது. எட்டடி உயரத்தில் கை நீட்டி நிற்கும் வாஷிங்டன். இதன் இன்னொரு பிரதியைத்தான் 1814-ல் ஆங்கிலப் படை தலைநகரை நெருங்கியபோது அன்றைய ஜனாதிபதியின் மனைவி டாலி மேடிசன் படச் சட்டத்தை உடைக்கச் சொல்லிக் காப்பாற்றி அனுப்பினார். முகத்தையும் உடம்பையும் மாறி மாறிப் பாருங்கள். முகத்தில் இருக்கும் உயிர் உடம்பில் இல்லை. உடம்புக்கு வேறு ஆளை நிறுத்தி வரைந்தார் என்பார்கள்.

அதே ஊரில் உள்ள தேசிய கலைக்கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. பனிச்சறுக்குப் படம் அங்கேதான். அதே கூடத்தில் நியூயார்க் வணிகர் ஒருவரின் மனைவி கேத்தரின் யேட்ஸின் படத்தைத் தவறவிடாதீர்கள். நியூயார்க்கில் இறங்கிய புதிதில் வரைந்தது. வயதான அம்மாள், வெளிர்நிறப் பட்டு உடை, விரலில் தையல் கூடு. ஊசியில் கோத்த நூலை இழுத்த கை அப்படியே நிற்க, வேலையைக் கெடுக்க வந்தது யார் என்பதுபோல் ஓரப் பார்வை. பட்டின் பளபளப்பு, நரம்போடிய விரல்கள், ஊசி எதையும் அவர் பாதியில் விடவில்லை. எதிரே உட்கார்ந்தவர் அவருக்குச் சுவாரசியமாக இருந்தால் பொத்தான் கணக்கெல்லாம் கிடையாது. ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரம் என்றால் நான் வாஷிங்டனை விட்டுவிட்டு இந்த அம்மாளைத்தான் பார்ப்பேன்.